இணைப்பு அறுந்தால் ‘இல்லை’ என்று பொருளல்ல

மாணவர்களே, ஒரு கணினி இன்னொரு கணினியை அழைக்கிறது. பாதியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. இப்போது என்ன நடந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா? “அழைப்பு தோல்வி” என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கடந்த ஆண்டு ஓர் இரவு வரை.

எங்கள் பள்ளி அறிவியல் கழகம் ஒரு நாள் முகாமுக்கு ஏற்பாடு செய்திருந்தது. கட்டணம் 35 ரிங்கிட். ரொக்கத்தை உறையில் வாங்கிக் கணக்கு எழுதும் வேலையைக் குறைக்கலாம் என்று, கழகத்தின் அகப்பக்கத்திலேயே பதிவும் கட்டணமும் நடக்கும்படி செய்தோம். பெற்றோர் டெபிட் அட்டை விவரத்தை ஒருமுறை தந்தால் போதும். அதன்பின் அகப்பக்கமே கட்டணச் சேவையின் கணினியை அழைத்து, “இந்தத் தொகையை எடுங்கள்” என்று கேட்கும். அந்த நிரலை எழுதியவர்கள் ஐந்தாம் படிவ மாணவர்கள் இருவர். பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னவள் நான்.

பதிவு தொடங்கிய அன்று இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு தாயார் அழைத்தார். “டீச்சர், முகாமுக்குக் காசு கட்டினேன். முடியலைன்னு வந்துச்சு. ஆனா பேங்க்ல பார்த்தா மூனு தடவை எடுத்திருக்கு டீச்சர்.”

மூன்று முப்பத்தைந்து, 105 ரிங்கிட். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் அவருக்கு அது அந்த வாரத்து மளிகைப் பணம். கூடுதலாக எடுத்த தொகை திரும்பி வர ஒன்பது நாளாயிற்று. பிழை வங்கியில் இல்லை, கட்டணச் சேவையிலும் இல்லை. எங்கள் நிரலில் ஒரே ஒரு வரி தவறான இடத்தில் இருந்தது. அந்த வரியைத் தேடிப் போனபோது நாங்கள் கற்றதுதான் இன்றைய பாடம்.

செருகுநிரல் என்பது என்ன?

உலகில் ஏராளமான அகப்பக்கங்கள் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகின்றன. 2003ஆம் ஆண்டு வெளிவந்த இந்த மென்பொருள் கட்டுரைகளையும் படங்களையும் அடுக்கிக் காட்டும். அதற்குத் தெரியாத வேலையை நாமே ஒரு சிறு நிரலாக எழுதி அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். அதுதான் பிளக்இன் எனப்படும் செருகுநிரல். பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுத வேண்டும்.

செருகுநிரல்களில் பல, வெளியே உள்ள வேறொரு கணினியை நம்பியிருக்கின்றன. புகைமூட்டக் காலத்தில் காற்றின் தரத்தைக் காட்டும் செருகுநிரல் வேறோர் இடத்திலிருந்து எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டணம் வாங்கும் செருகுநிரல் கட்டணச் சேவையைக் கேட்க வேண்டும். இடையில் இருப்பது இணையம். அங்கே கம்பி அறுபடலாம், கணினி திணறலாம், மின்சாரம் போகலாம். ஆகவே இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பது, செருகுநிரல் எழுதுபவர் முதல் நாளே பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.

எந்த இடத்தில் அறுந்தது?

இணையத்தில் இரண்டு கணினிகள் நம்பகமாகப் பேச டிசிபி என்ற நெறிமுறை உதவுகிறது. வின்ட் செர்ஃப், பாப் கான் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதற்கு அடித்தளம். இதன்படி ஓர் அழைப்பில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் இணைப்பு ஏற்படும். பிறகு நம் கோரிக்கை போகும். கடைசியில் பதில் வரும்.

அறுந்தது எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். வேர்ட்பிரஸ் பெரும்பாலும் கர்ல் என்ற கருவியின் வழியாகவே வெளியே பேசுகிறது. அந்தக் கருவி ஒவ்வொரு கோளாறுக்கும் ஓர் எண் தருகிறது. அடிக்கடி காணும் ஐந்து எண்கள் இவை:

பிழை 6: பெயருக்கு உரிய முகவரியே கிடைக்கவில்லை. கோரிக்கை புறப்படவே இல்லை.

பிழை 7: முகவரி கிடைத்தது, இணைப்பு ஏற்படவில்லை. கோரிக்கை போய்ச் சேரவில்லை.

பிழை 28: நாம் வைத்த கால வரம்பு முடிந்துவிட்டது. இணைப்பு ஏற்படும் முன்பே முடிந்திருக்கலாம். கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதிலுக்குக் காத்திருந்தபோதும் முடிந்திருக்கலாம்.

பிழை 52: எதிர்க் கணினி பதில் ஒன்றும் சொல்லாமல் இணைப்பை மூடிவிட்டது.

பிழை 56: பதில் வந்துகொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது.

முதல் இரண்டிலும் நமக்கு ஐயமில்லை. வேலை நடக்கவில்லை, துணிந்து மறுபடியும் கேட்கலாம். மற்ற மூன்றையும் நன்றாகப் பாருங்கள். அங்கே எதிர்க் கணினி வேலையை முடித்திருக்கலாம், முடிக்காமலும் இருக்கலாம். அதாவது பிழை 28 என்றால் ‘இல்லை’ என்று பொருளல்ல. ‘தெரியாது’ என்றுதான் பொருள்.

எங்கள் அகப்பக்கத்தின் பிழைப் பதிவேட்டைத் திறந்தபோது, அந்தத் தாயாரின் பெயருக்கு நேரே 28 என்ற எண் மூன்று முறை இருந்தது. வேர்ட்பிரஸ் இயல்பாக வைத்திருக்கும் கால வரம்பு 5 விநாடி. அன்று இரவு கூட்டம் அதிகம், கட்டணச் சேவை பதில் சொல்ல அதைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டது. பணத்தை எடுத்து முடித்து, “எடுத்துவிட்டேன்” என்று அது சொல்ல வந்தபோது நாங்கள் தொலைபேசியை வைத்துவிட்டோம்.

நாற்பது பொட்டலம் நாசி லெமாக்

இதை அன்றாட வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். முகாமுக்கு 40 பொட்டலம் நாசி லெமாக் வேண்டும். கடைக்காரரை அழைக்கிறீர்கள். “அண்ணே, சனிக்கிழமை காலையில 40 பொட்டலம்” என்று சொன்னதும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அவர் காதில் விழுந்ததா?

மறுபடியும் அழைக்கிறீர்கள். இந்த முறை கடைப் பையன் எடுக்கிறான். “சனிக்கிழமை 40 பொட்டலம்” என்று மீண்டும் சொன்னால், சனிக்கிழமை 80 பொட்டலம் வந்து நிற்கலாம். பயந்துகொண்டு அழைக்காமலே விட்டால் ஒரு பொட்டலமும் வராமல் போகலாம்.

“கடைக்காரர் கேட்டதை உறுதி செய்துகொண்டால் போதுமே” என்று நீங்கள் சொல்லலாம். அவர் “சரி” என்று சொன்ன நொடியில் தொடர்பு அறுந்தால்? அவர் சொன்ன “சரி” உங்களுக்குக் கேட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்கு நீங்கள் இன்னொரு “சரி” சொல்ல வேண்டும். அது கேட்டதா என்பதற்கு இன்னொன்று. இதற்கு முடிவே இல்லை.

கணினி அறிவியலில் இதற்கு ‘இரு தளபதிகள் சிக்கல்’ என்று பெயர். 1975ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கப்பட்ட இந்தச் சிக்கலுக்கு, 1978இல் ஜிம் கிரே என்ற அறிஞர் இப்பெயரை நிலைக்கச் செய்தார். இரண்டு மலைகளில் இரண்டு படைகள். நடுப் பள்ளத்தாக்கில் பகைவர். இரு படையும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதுவர்களோ பள்ளத்தாக்கைக் கடந்துதான் போக வேண்டும், வழியில் பிடிபடலாம். எத்தனை தூதுவர்களை அனுப்பினால் இருவருக்கும் முழு உறுதி கிடைக்கும்?

எத்தனை பேரை அனுப்பினாலும் கிடைக்காது. ஏனென்று பாருங்கள். குறைந்தது பத்துத் தூது போதும் என்று ஒருவர் திட்டம் தருவதாக வைத்துக்கொள்வோம். பத்தாவது தூதுவனும் பிடிபடலாம் அல்லவா? அவனை அனுப்பியவர் அவன் சேர்ந்தானா என்று அறியாமலே தாக்கப் போகிறார். அப்படியானால் எதிரே இருப்பவரும் அந்தத் தூது வராவிட்டாலும் தாக்கியாக வேண்டும். ஆகப் பத்தாவது தூது தேவையே இல்லை, ஒன்பது போதும். இதே காரணத்தால் எட்டுப் போதும், ஏழு போதும், கடைசியில் ஒரு தூதும் தேவையில்லை என்றாகிவிடும். தூதே இல்லாமல் எப்படி உடன்பாடு வரும்? ஆகவே அப்படியொரு திட்டம் இருக்க முடியாது.

நம் இணையம் மெதுவாக இருப்பதால் வரும் குறை அல்ல இது. எவ்வளவு வேகமான இணைப்பு வந்தாலும், அறுபடக்கூடிய இணைப்பாக இருக்கும்வரை இந்த ஐயம் இருக்கும். நிரல் எழுதுபவர் இதை ஒழிக்க முடியாது. ஆனால் இதனால் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ள முடியும்.

ஒரு வரி இடம் மாறியது

கடைக்காரரிடம் நீங்கள் இப்படிச் சொல்லியிருந்தால்? “அண்ணே, அறிவியல் கழகம், 7ஆம் எண் ஆர்டர், 40 பொட்டலம்.” மறுபடி அழைக்கும்போதும் அதே “7ஆம் எண் ஆர்டர்”. கடைப் பையன் நோட்டைப் பார்ப்பான். 7 ஏற்கெனவே எழுதியிருந்தால், “இருக்கு அக்கா” என்பான். இல்லாவிட்டால் எழுதிக்கொள்வான். நீங்கள் பத்து முறை அழைத்தாலும் வருவது 40 பொட்டலம்தான்.

ஒரு செயலை எத்தனை முறை செய்தாலும் ஒரு முறை செய்த விளைவே இருக்குமானால் அதை ‘ஐடெம்போடென்ட்’ என்கிறார்கள். கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் 1870இல் உருவாக்கிய சொல் இது. மின்தூக்கியின் பொத்தானை ஐந்து முறை அழுத்தினாலும் அது ஒரு முறைதான் வரும். அழைப்பு மணியை ஐந்து முறை அழுத்தினால் ஐந்து முறை ஒலிக்கும். முதலாவது திரும்பச் செய்தாலும் மாறாத செயல், இரண்டாவது மாறும் செயல். ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டு என்று கேட்பது முதல் வகை. பணத்தை எடு என்று கேட்பது இரண்டாம் வகை. கோரிக்கையோடு ஒரு குறிப்பெண் சேர்த்தால், எதிர்ச் சேவையும் அந்த எண்ணை மதித்தால், இரண்டாம் வகையை முதல் வகையாக மாற்றிவிடலாம்.

எங்கள் கட்டணச் சேவை குறிப்பெண்ணை மதிக்கும் சேவைதான். எங்கள் நிரலிலும் குறிப்பெண் இருந்தது. அப்படியானால் எங்கே பிழை? நிரலின் அமைப்பைத் தமிழில் எழுதினால் இப்படி இருந்தது:

மூன்று முறை வரை திரும்பச் செய்:
– புதிய குறிப்பெண்ணை உருவாக்கு
– அந்த எண்ணுடன் 35 ரிங்கிட் கேள்
– பதில் வந்தால் நிறுத்து
மூன்று முறையும் பதில் இல்லையேல் “கட்டணம் செலுத்த முடியவில்லை” என்று காட்டு

கண்டுபிடித்துவிட்டீர்களா? குறிப்பெண்ணை உருவாக்கும் வரி, திரும்பச் செய்யும் சுற்றுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய எண். கட்டணச் சேவையின் பார்வையில் அவை மூன்று தனித்தனி ஆர்டர்கள். மாணவர்கள் திருத்தி எழுதிய வடிவம் இது:

புதிய குறிப்பெண்ணை உருவாக்கி, ‘நிலுவை’ என்று தரவுத்தளத்தில் எழுதி வை
மூன்று முறை வரை திரும்பச் செய்:
– அதே எண்ணுடன் 35 ரிங்கிட் கேள்
– ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று தெளிவான பதில் வந்தால் அதை எழுதி நிறுத்து
– இணைப்பு அறுந்தால் சற்றுக் காத்திரு
தெளிவான பதில் வராவிட்டால் ‘தெரியாது’ என்று எழுது
பின்னர், பின்னணியில், அதே எண்ணின் நிலையைச் சேவையிடம் கேட்டு முடிவை எழுது

எண்ணை அனுப்புவதற்கு முன்பே எழுதி வைப்பது முக்கியம். அனுப்பிய பிறகு எழுதலாம் என்று விட்டால், இடையில் நம் கணினியே நின்றுபோகக்கூடும். பிறகு எந்த எண்ணைக் கேட்பது?

திரையில் காட்டிய வாக்கியத்தையும் மாற்றினோம். “கட்டணம் செலுத்த முடியவில்லை” என்றது உண்மையல்ல, நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னோம். அதை நம்பி இன்னொரு முறை பணம் கட்டியிருந்தால் 140 ரிங்கிட் ஆகியிருக்கும். இப்போது அது, “உங்கள் கட்டணம் இன்னும் உறுதியாகவில்லை. மறுபடியும் செலுத்த வேண்டாம். முடிவை மின்னஞ்சலில் தெரிவிப்போம்” என்று சொல்கிறது.

பிழையாக வராத பிழை

புதிதாக எழுதுபவர்கள் விழும் இன்னொரு குழி உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் வெளியே கேட்க ‘டபிள்யூபி ரிமோட் கெட்’ என்ற செயற்கூறு இருக்கிறது. இணைப்புக் கோளாறு என்றால் அது ஒரு பிழைப்பொருளைத் திருப்பித் தரும். எதிர்க் கணினி “என்னால் முடியவில்லை” என்று பதில் அனுப்பினாலோ, அதைப் பிழையாகக் கருதாது. பதில் வந்துவிட்டதல்லவா? ஆகவே பதிலின் நிலை எண்ணையும் நாமே பார்க்க வேண்டும். 200 என்றால் சரி. 404 என்றால் கேட்ட பொருள் இல்லை, திரும்பக் கேட்டுப் பயனில்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள். 503 என்றால் சேவை இப்போதைக்கு இயலாத நிலையில் இருக்கிறது, பிறகு கேட்கலாம். எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதைச் சில வேளைகளில் பதிலே சொல்லும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

திரும்பக் கேட்பதிலும் பண்பு வேண்டும். 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே இருந்த இணைப்பின் வேகம், விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. எண்ணூறில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் சுமார் 400 கெஜம்தான். நெரிசலால் பதில் தாமதமானது. பதில் வரவில்லை என்று கணினிகள் அதே தகவலை மறுபடி மறுபடி அனுப்பின. அது நெரிசலை இன்னும் கூட்டியது. வேன் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரை, டிசிபி நெரிசலைக் கையாளும் முறையையே மாற்றியது.

அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் எளியது. முதல் முறை தோற்றால் 1 விநாடி காத்திருங்கள். அடுத்து 2 விநாடி, அடுத்து 4. ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள். அதோடு, சிறிது சீரற்ற நேரத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் தோற்ற முந்நூறு பேரும் சரியாக ஒரு விநாடி கழித்து ஒன்றாக வந்து மோதுவார்கள்.

கால வரம்புக்கும் கணக்கு உண்டு. உங்கள் அகப்பக்கத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குத்தான் பக்கம் தயாரிக்க முடியும் என்று கொள்வோம். காற்றின் தரம் சொல்லும் கணினி மௌனமாகிவிட்டது, உங்கள் கால வரம்பு 30 விநாடி. ஐந்து இடமும் 30 விநாடிக்கு அடைபடும். அதாவது நிமிடத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் பக்கம் திறக்கும். ஓர் ஓரத்தில் காட்டும் சிறு எண்ணுக்காக முழு அகப்பக்கமும் முடங்குகிறது. இத்தகைய வேலைக்கு வரம்பை 2, 3 விநாடியாகக் குறையுங்கள். கடைசியாகக் கிடைத்த எண்ணைச் சேமித்து வைத்து, “காலை 10 மணி நிலவரம்” என்று நேரத்தோடு காட்டுங்கள். நேரம் சொல்லாமல் பழைய எண்ணைக் காட்டினால் அதுவும் தவறான தகவலே.

பணம் தொடர்பான அழைப்புக்கு நேர்மாறு. அங்கே சீக்கிரம் தொலைபேசியை வைத்தால் ‘தெரியாது’ பெருகும். வரம்பை நீட்டி வையுங்கள். மறுமுயற்சிகளைப் பின்னணிக்கு மாற்றுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

நிரலை நல்ல நாளில் மட்டும் சோதித்தோம். எங்கள் தவறு அங்கேதான் தொடங்கியது. கெட்ட நாளை நாமே உருவாக்கலாம். ‘.இன்வேலிட்’ என்று ஆங்கில எழுத்தில் முடியும் முகவரிகள் எப்போதும் செல்லாதவையாகவே இருக்கும்படி ஒதுக்கப்பட்டவை, அவை எங்கும் போய்ச் சேரா. அப்படி ஒன்றை அழைத்தால் பிழை 6 வரும். உங்கள் கணினியிலேயே யாரும் கேட்காத ஒரு வாயிலை அழைத்தால் பிழை 7 வரும். பத்து விநாடி தூங்கிவிட்டுப் பதில் சொல்லும் சிறு பக்கத்தை எழுதி அழைத்தால் பிழை 28 வரும்.

நான்காவது சோதனைதான் முக்கியம். கேட்ட வேலையை முடித்து, ஒரு கோப்பில் எழுதி, அதன்பின் தூங்கிவிடும் பக்கத்தை எழுதுங்கள். உங்கள் செருகுநிரல் அதை மூன்று முறை அழைக்கட்டும். பிறகு கோப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே எத்தனை குறிப்பெண்கள் இருக்கின்றன? மூன்று வெவ்வேறு எண்கள் இருந்தால், எங்கள் பழைய நிரலை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே எண் மூன்று முறை இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சிந்தித்துப் பாருங்கள்

1. “கணக்கில் 35 ரிங்கிட் குறை” என்பதற்கும் “கணக்கின் இருப்பை 65 ரிங்கிட்டாக வை” என்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன? எது திரும்பச் செய்தாலும் மாறாதது?

2. பிழை 7 வந்த பிறகு அதே கோரிக்கையை மறுபடி அனுப்பலாம். பிழை 56 வந்த பிறகு அனுப்புவதற்கு முன் என்ன உறுதி செய்துகொள்ள வேண்டும்?

3. 1, 2, 4, 8 விநாடி என்று காத்திருந்து ஐந்து முறை முயல்கிறீர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் கால வரம்பு 5 விநாடி. எல்லாம் தோற்றால் பயனர் மொத்தம் எத்தனை விநாடி காத்திருப்பார்? அவரைத் திரையின் முன் அவ்வளவு நேரம் வைத்திருக்கலாமா?

மூன்றாவது கேள்விக்கு விடை 40 விநாடி. கலாம், கூடாது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்த ஆண்டு முகாமுக்கும் பதிவு அகப்பக்கத்தில்தான் நடந்தது. பதிவேட்டைப் பார்த்தேன். பிழை 28 இந்த முறையும் சில பெயர்களுக்கு நேரே இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரே ஒரு குறிப்பெண், ஒரே ஒரு 35 ரிங்கிட். அந்தத் தாயாரின் மகளும் பதிந்திருந்தாள். அன்று இரவு என் தொலைபேசி ஒலிக்கவில்லை.